அலுமாரிக்குப் பின்னால் இருந்த கதவு

கால் நூற்றாண்டுக்கும் மேலாக உள்ளே போக முடியாமல் கிடந்த எங்கள் ஊரில் ஒரு பகுதியை இராணுவம் விட்டபோது, எங்கள் ஒழுங்கையில், அந்தச் சிறு தெருவில், கூரையோடு நின்றது என் வீடு ஒன்றுதான். அது என் புண்ணியம் என்று சிலர் சொன்னார்கள். புண்ணியமும் இல்லை, ஒன்றும் இல்லை. அதை அதிகாரிகள் தங்கும் குவாட்டர்ஸாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். சிப்பாய்கள் தகரக் கொட்டகைகளில் இருந்திருக்கிறார்கள். மற்ற வீடுகளெல்லாம் கல் வேறு, ஓடு வேறு, மரம் வேறாகப் பிரிந்து எங்கெங்கோ போய்விட்டன.

நானும் என் கணவரும் அதுவரை மானிப்பாயில் வாடகை வீட்டில் இருந்தோம். விட்ட அன்று காலை பஸ்ஸில் போய், முட்கம்பி வாசலில் வரிசையில் நின்று அடையாள அட்டையைக் காட்டிவிட்டு நடந்தோம். நான் வெங்காயம் நட்ட தறை பந்தடிக்கும் இடமாகியிருந்தது. நடைபாதையின் இரண்டு பக்கமும் கல் பதித்து வெள்ளை அடித்திருந்தார்கள். முன்சுவரில் சிங்கள எழுத்தில் ஏதோ ஓர் இலக்கம். உள்ளே போனால் நீல மாபிள் பதித்த குளியலறை, தலைக்கு மேலே பூவாளி மாதிரி ஒரு குழாய். முற்றத்தில் நின்று ஆமியை வாய் நோகத் திட்டிவிட்டு, உள்ளே போய் ஆமி பூட்டிய குழாயில் குளித்தவள் நான். என்னைப் பற்றி முதலில் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

நடு அறைக்குப் பின்னால் ஒரு புது அறையும் கட்டியிருந்தார்கள். இரண்டுக்கும் இடையில் பலா மரத்தில் இரட்டைக் கதவு. வார்னிஷ் மினுங்கியது. ஒவ்வொரு கதவிலும் நெஞ்சு உயரத்தில் ஒரு தாமரை செதுக்கியிருந்தது. கிட்டப் போய் இதழ்களை எண்ணினேன். இடது பக்கம் எட்டு, வலது பக்கம் ஏழு. எண்ணாமலே எனக்குத் தெரியும். அது பக்கத்து வீட்டு அக்காவின் முன்கதவு.

அந்தக் கதவின் கதை எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் தெரிந்த கதை. அக்காவின் கணவரை நான் அண்ணை என்பேன். புகையிலைத் தோட்டம் செய்தவர், பிடிவாதக்காரர். வீடு கட்டும்போது தன் வளவில் நின்ற பலாவைத் தறித்துத்தான் கதவு செய்வேன் என்று நின்றார். மரம் முற்றவில்லை, வைரம் காணாது என்று தச்சு வேலைக்கு வந்த ஓடாவியார் சொல்லிப் பார்த்தார். அண்ணை கேட்கவில்லை. கதவை நிலையில் பூட்டிய பிறகுதான் ஒரு தாமரையில் ஓர் இதழ் குறைவது தெரிந்தது. அண்ணை போட்ட சத்தத்தில் அயல் முழுக்கக் கூடி ஆளுக்கொரு தரம் எண்ணிப் பார்த்தோம். ஓடாவியார் தன் பிழையைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. போகப் போக அந்தக் குறைவே கதவுக்கு ஒரு வடிவாகிவிட்டது. முற்றாத மரம் என்பதால் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கு முன்னும் அண்ணை கதவுக்கு வேப்பெண்ணெய் பூசுவார். அந்த மணம் எங்கள் குசினியில் அடுப்படிவரை வரும்.

நான் அப்போது கல்யாணம் முடித்துச் சில மாதங்கள் ஆனவள். எங்கள் முன்கதவு வெறும் பலகை. அக்கா வீட்டு வாசலைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. இந்த வயதில் அதை ஒளித்து என்ன காணப்போகிறேன். அப்படி ஒரு கதவு வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்காமலே ஆமி அதைக் கழற்றிக் கொண்டுவந்து என் வீட்டுக்குள் பூட்டியிருந்தது.

அன்று மத்தியானம் அக்கா நெல்லியடியிலிருந்து தனியாக வந்து சேர்ந்தார். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் அண்ணை அங்கேயே காலமாகிவிட்டார். ஒரே மகள் வெளிநாட்டில். அக்காவின் வளவில் மிஞ்சியிருந்தவை கிணறும் அத்திவாரமும் மட்டும். அக்கா அழவில்லை. அத்திவாரத்தைச் சுற்றி வந்து, முன்வாசல் இருந்த இடத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். உள்ளே என்றால் முழங்கால் உயரப் புல்.

பிறகு எங்கள் முற்றத்துக்கு வந்தார். என் வீட்டை மேலும் கீழும் பார்த்தார். அதில் பொறாமை துளியும் இருக்கவில்லை. உங்களுக்காவது மிஞ்சியதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு கேட்டார். அண்ணையைப் பற்றி என்னிடம் பேசினால் ‘கொண்ணை’, உன் அண்ணன், என்றுதான் சொல்வார்.

“கல்லும் ஓடும் போகட்டும். கொண்ணை செய்த கதவு எங்கையும் கிடக்கோ? கண்டனியே?”

“இல்லையக்கா” என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வெறும் அத்திவாரத்தில் நிற்கிற மனுசியிடம், உன் கதவு என் வீட்டுக்குள் நிற்கிறது என்று சொல்ல நாக்கு வரவில்லை என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. கதவைக் கொடுத்தால் கேள்வி கதவோடு நிற்காது என்ற பயமும் இருந்தது. பின் அறையின் கல் யாருடையது, ஓடு யாருடையது என்று யாரும் கேட்டால் நான் என்ன சொல்வேன்? எல்லாவற்றுக்கும் அடியில் அந்தப் பழைய வயிற்றெரிச்சல். கிடைத்ததை விட மனம் வரவில்லை.

என் கணவருக்கும் அந்தக் கதவைத் தெரியும். அவரும் அன்று எண்ணியவர்தான். “உமக்கு என்னத்துக்கு உந்தப் பாவம்? சொல்லிப்போட்டு விடும்” என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அந்த நாளை வராமலே அடுத்த கிழமை மானிப்பாயிலிருந்து சாமான்கள் லொறியில் வந்தன. பெரிய அலுமாரியை அந்தக் கதவை மூடி வைக்கச் சொன்னேன். இவர் ஒரு பக்கம் பிடித்தார். பின் அறைக்கு வெளிப்பக்கமாக இன்னொரு வாசல் இருந்ததால், அதை விறகும் தேங்காயும் போடும் அறையாக்கினோம். விறகை நான்தான் அடுக்கினேன். அந்தப் பக்கத்திலிருந்தும் யாரும் காணக்கூடாது என்று கதவோடு சேர்த்து மேல்வரை அடுக்கினேன்.

அக்கா தன் வளவில் ஒரு தகரக் கொட்டில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அவருடைய கிணறு இறைத்துத் துப்புரவாகும்வரை எங்கள் குளியலறையில்தான் குளித்தார். குளித்துவிட்டு ஈரத் தலையோடு அலுமாரியைத் தாண்டித்தான் விறாந்தைக்கு வருவார். ஒவ்வொரு முறையும் நான் அலுமாரிக்கு முன்னால் போய் நின்றுகொள்வேன். அந்த மறைப்புக்குப் பரிகாரமாக நான் அவரைக் கவனித்த கவனிப்பு கொஞ்சநஞ்சமல்ல. புட்டு அவித்தால் நீத்துப்பெட்டியில் முதலில் வெந்தது அவருக்கு. மீன் வாங்கினால் நடுத்துண்டு அவருக்கு. புத்தூரில் இருக்கும் தன் தங்கைகூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று அவர் வந்து போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். சொல்லாதேயுங்கோ என்று நான் தடுத்ததை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது வருஷம் வீட்டுத்திட்டத்தில் அவருக்கு ஒரு சிறிய வீடு கிடைத்தது. சுவர் எழும்பியது. முன்வாசலுக்கு மேசன் ஆயத்தமாகச் சீமெந்து நிலை கொண்டுவந்தபோது அக்கா விடவில்லை. இரண்டு கையையும் விரித்து, இவ்வளவு அகலம் விடு, கதவு வரும் என்றார். மேசன் தலையைச் சொறிந்துகொண்டு அவ்வளவு அகலம் விட்டுச் சுவரைக் கட்டினான். ஒரு பழைய சாக்கு அந்த இடைவெளியில் தொங்கியது. என் விறாந்தைக் கதிரையில் இருந்தால் நேரே தெரிவது அந்தச் சாக்குத்தான். கையை விரித்துக் காட்டியே அவர் விடச்சொன்ன அகலம் மிகச் சரியாக இருந்தது. நான் அளந்து பார்த்தேன். அலுமாரிக்குப் பக்கவாட்டில் கயிற்றை விட்டு அளந்து பார்த்தேன்.

இராணுவம் எங்கள் ஊரை விட்டு முழுதாகப் போகவில்லை. ஒழுங்கை முடிவில் புது முட்கம்பி. அதற்கு அப்பால் புதிதாகக் கட்டிய குவாட்டர்ஸ் வரிசை, எல்லாம் ஒரே நிறம், ஒரே யன்னல். காலையில் விசில் சத்தமும் பின்னேரம் பந்தடிக்கும் சத்தமும் கேட்கும். அக்கா ஒருநாள் அந்தப் பக்கம் கையைக் காட்டி, அங்கே ஏதாவது ஒரு வீட்டில்தான் கதவு நிற்கும் என்றார். நீ தபால் கந்தோரில் இருந்தவள், அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதித் தா என்றார்.

நான் மறித்தேன். அடுப்பெரித்திருப்பார்கள், ஏன் வீணாக அலையவேண்டும் என்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “கொண்ணை சாகேக்கை வீட்டைக் கேக்கேல்லை, தோட்டத்தைக் கேக்கேல்லை. கதவுக்கு எண்ணெய் பூச ஆளில்லையே எண்டுதான் சொன்னவர். தேடிப் பாக்காமல் சீமெந்து நிலை வைக்க எனக்கு மனம் வருகுதில்லை.”

அலுமாரிக்கு நேர் எதிரே இருந்த மேசையில்தான் அந்தக் கடிதத்தை எழுதினேன். முப்பது வருஷம் கந்தோரில் கடிதங்களோடு கிடந்த கை, அன்று ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று தாளைக் கிழித்தது. அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். பலா மரம். இரட்டைக் கதவு. தாமரை இரண்டு, ஒன்றில் எட்டு இதழ், ஒன்றில் ஏழு. எது எந்தப் பக்கம் என்று அக்காவுக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. ஏழு வலது பக்கம் என்று நானே சொன்னேன். உனக்கு எவ்வளவு ஞாபகம் என்று அக்கா ஆச்சரியப்பட்டார். நான் குனிந்தபடியே எழுதினேன்.

கடிதத்தை முகாம் வாசலில் கொடுக்கவும் நான்தான் கூடப் போனேன். வாசலில் நின்றவர் நரைத்த மீசைக்காரர், ஓய்வு பெறும் வயதுச் சிப்பாய். உடைந்த தமிழில் எங்களை இருக்கச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார். இரண்டு கிழமை கழித்து வரச் சொல்லி அழைப்பு வந்தது. அதே மனிதர் எங்களை உள்ளே ஒரு நீளமான கொட்டகைக்குக் கூட்டிப் போனார். பழைய குவாட்டர்ஸை இடித்தபோது கழற்றிய கதவுகளையும் நிலைகளையும் யன்னல்களையும் அங்கே அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய வீடு. சிலவற்றில் மஞ்சள் பூசிய அடையாளம்கூட இன்னும் போகவில்லை.

அக்கா முதலாவதிலிருந்து தொடங்கினார். தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், அடுத்ததற்குப் போவார். மீசைக்காரர் ஒரு பக்கம் தூக்க, மற்றப் பக்கத்தை நான் தூக்கிப் பிடித்தேன். அங்கே இல்லை என்று தெரிந்த கதவை, வெயில் கொதிக்கும் தகரத்துக்குக் கீழே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நானும் சேர்ந்து தேடினேன். கடைசிக் கதவையும் திருப்பி வைத்துவிட்டு அக்கா சேலைத் தலைப்பை உதறினார். மீசைக்காரரின் முகம் வாடிவிட்டது. “இல்லை அம்மா. வேறை காம்ப் கேக்கிறது. நான் தேடிக் குடுக்கிறது” என்றார். வாழ்நாள் முழுவதும் ஆமிக்காரன் பொய்யன் என்று சொல்லி வந்தவள் நான். அந்தக் கொட்டகைக்குள் பொய்யோடு நின்றது நான் ஒருத்திதான்.

திரும்பி வரும் வழியில் அக்கா மதகுக் கட்டில் கொஞ்சம் இருந்தார். அடுத்த நல்ல நாளில் சீமெந்து நிலையையே வைக்கச் சொல்லப்போவதாகவும், நிலையை நான்தான் முதலில் தொட்டுக் கொடுக்கவேண்டும் என்றும் சொன்னார். கூடப்பிறந்தவர்கள் செய்யும் வேலை அது.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மறுநாள் காலை இவரைக் கூப்பிட்டு அலுமாரியைத் தள்ளச் சொன்னேன். சாமான்களை இறக்கி, இரண்டு பேருமாகத் தள்ளினோம். கதவு வைத்தபடியே நின்றது. வார்னிஷ்கூட மங்கவில்லை. எட்டு இதழ்த் தாமரையில் கையை வைத்தேன். விரல் உள்ளே போனது.

பப்படம் நொறுங்குவது மாதிரி மேல்தோல் நொறுங்கி, உள்ளிருந்து செம்மண்ணாகக் கொட்டியது. கறையான். பின்னால் போய் விறகை இழுத்துப் பார்த்தோம். நான் அடுக்கிய விறகிலிருந்துதான் ஏறியிருக்கிறது. நிலை முழுக்கப் போய்விட்டது. இடது கதவு வெறும் வார்னிஷ் தோல். வலது கதவில் மட்டும், அந்தப் பக்கத்து விறகை அடுப்புக்கு எடுத்து எடுத்துப் புதிதாக அடுக்கியதால், அடி மட்டும் அரிபட்டு, தாமரையோடு மேல் பாதி தப்பியிருந்தது. முற்றாத மரம் என்று எனக்குத் தெரியும். வருஷா வருஷம் எண்ணெய் பூசவேண்டும் என்றும் தெரியும். ஊரைப் பிடித்து வைத்திருந்தவர்கள் வார்னிஷ் அடித்து அத்தனை வருஷம் வைத்திருந்த கதவை, நான் இரண்டே மாரிகாலத்தில் மண்ணாக்கினேன்.

அந்த இடத்திலும் ஒரு நினைப்பு வந்தது. விறகோடு விறகாக எரித்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கதவும் இல்லை, பொய்யும் இல்லை. இவர் என் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். “இப்பவாவது போய்க் கூட்டிக்கொண்டு வாரும்” என்றார்.

அக்கா கையில் மண்வெட்டியோடு நின்றார். வாருங்கோ, ஒன்று காட்டவேண்டும் என்று மட்டும் சொன்னேன். நடு அறை வாசலில் வந்து நின்றார். பிறகு கிட்டப் போய்த் தப்பிய தாமரையில் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். ஏழு. கீழே கொட்டிக் கிடந்த மண்ணைப் பார்த்தார். என்னை நோக்கித் திரும்பினார்.

“வந்த அண்டைக்கே நான் உன்னட்டைக் கேட்டனான்.”

“ஓமக்கா.”

“கடிதமும் நீதான் எழுதினனி.”

“ஓமக்கா.”

அவர் திட்டியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். விழுந்து, அழுது, ஒரு மாதிரி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அதற்கு இடம் வைக்காமல் அவர் மேசையில் இருந்த பேனையைக் காட்டினார்.

“அந்த மனுசன் வேறை காம்ப் வழிய தேடிக்கொண்டிருப்பார். பாவம். கிடைச்சிட்டுதெண்டு எழுதிக் குடு.”

எழுத உட்கார்ந்தேன். முந்திய கடிதம்போல அக்கா எழுதுவதாக ‘எனது அயலவரின் வீட்டில் எனது கதவு’ என்று தொடங்கியதை அவர் எட்டிப் பார்த்தார்.

“என்ரை பேரிலை இல்லை. உன்ரை பேரிலை எழுது” என்றார்.

எழுதினேன். எங்கே இருந்தது, எவ்வளவு காலம் இருந்தது, யார் மறைத்தது, எல்லாவற்றையும் கந்தோர்த் தமிழில் எழுதிக் கையெழுத்து வைத்தேன். அக்கா வாசித்துப் பார்த்தார், ஒரு சொல்லும் திருத்தவில்லை. தப்பிய கதவை மேசனையும் உதவியாளையும் கூப்பிட்டுத் தூக்குவித்துக்கொண்டு போனார். இன்று அது அவருடைய சாமி அறையில், அடியை வெட்டிச் சீராக்கி, ஒற்றைக் கதவாக நிற்கிறது என்று கேள்விப்பட்டேன். நான் பார்க்கவில்லை. வேலிக்கு அங்காலிருந்து அக்கா கதைக்கிறார், என் தலையிடியைப் பற்றி விசாரிக்கிறார். உள்ளே வரச் சொல்வதில்லை. சீமெந்து நிலை வைத்த அன்று புத்தூரிலிருந்து தங்கை வந்து தொட்டுக் கொடுத்தாள். தைப்பொங்கலுக்கு முதல் நாள் வேப்பெண்ணெய் மணம் வேலியைத் தாண்டி வந்தது. எனக்கு அன்று குசினியில் நிற்க முடியவில்லை.

கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்பது அக்காவின் கடைசிச் சொல். தனியாகப் போனேன். வாசலில் அதே மீசைக்காரர். என்னைக் கண்டதும் எழும்பி, கதிரையைத் துடைத்துப் போட்டார். பலாலிப் பக்கக் காம்ப் ஒன்றிலும் கேட்டிருப்பதாக அவர் சொல்லத் தொடங்கியபோது, கதவு கிடைத்துவிட்டது என்றேன்.

அவருக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. உள்ளே திரும்பிச் சிங்களத்தில் ஏதோ கூப்பிட்டுச் சொன்னார், உள்ளே இருந்த இரண்டு பேர் சிரித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். அந்த அம்மா சந்தோஷமா என்று கேட்டார். எந்தக் காம்பில் கிடைத்தது என்று கேட்டார். எல்லாம் இதில் இருக்கிறது என்று கடிதத்தை நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, தமிழ் வாசிக்கத் தெரியாது என்று வெட்கத்தோடு தலையை ஆட்டினார். பிறகு அதே சிரிப்போடு, நான் வாயால் சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

“என்ரை வீட்டிலை” என்றேன்.

விளங்கவில்லை என்று நினைத்து, நெஞ்சில் கையை வைத்து இன்னொரு தரமும் சொன்னேன். அவருடைய சிரிப்பு நின்றபோதுதான், முதல் தரமே விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.